மகிழ மரத்தடியில் கேட்ட சத்தியம்

(தலைப்பு: வீடு மனைத் தொழிலை வளர்ப்பது வாய்ச்சொல்லா? கைபேசியா? திருவொற்றியூர் மேடையில் ‘கைபேசியே’ என்ற அணியில் பேராசிரியை ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரே உட்கார்ந்திருந்தாலும் எங்களை எதிரியாக நினைக்காத வாய்ச்சொல் அணியினரே! வேலை முடிந்து வந்து வேர்வைகூடக் காயாமல் உட்கார்ந்திருக்கிற வடசென்னைப் பெருமக்களே!

நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டிலேயே கிடையாதுங்க. ஊர்ப் பேரிலேயே ஒற்றி இருக்கிறது. ஒற்றி என்றால் என்ன? அடமானம். பிரளய வெள்ளத்தை ஒற்றி விலக்கிய ஊர், அதனால் ஒற்றியூர் என்று தலபுராணம் சொல்லும். ஆனால் புலவர்களுக்குக் குறும்பு அதிகம் இல்லையா? ஊரையே அடமானம் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீரே என்று சிவபெருமானையே கேலி செய்தார்கள். நம்ம வள்ளலார்கூட அந்தச் சொல்லை வைத்து விளையாடியிருக்கிறார். சாமியே அடமானத்தில் இருக்கிற ஊரில் நாம் மாதத் தவணை கட்டுவதற்கு வெட்கப்படலாமா? (சிரிப்பு)

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் ரொம்ப உருக்கமாகப் பேசினார். அந்தக் காலத்து வீட்டுப் புரோக்கரைக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். டீக்கடை பெஞ்சு, கக்கத்தில் மஞ்சள் பை, காதில் செருகிய பேனா. ‘அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது பத்திரம்’ என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். பேச்சு நன்றாக இருந்தால் கை தட்ட வேண்டியதுதானே. ஆனால் அந்த வார்த்தைக்கு ஆயுசு எவ்வளவு? அதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

எங்கள் சித்தப்பா தண்டையார்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். 1994-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கப் போனார். வேன் வந்து தெருமுனையில் நின்றது. போகிற வழியில் இட்லி, திரும்புகிற வழியில் பிரியாணிப் பொட்டலம். மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டல். வெள்ளையடித்த கல் வரிசையாக நட்டிருந்தது. ஒரு காய்ந்த குச்சியில் ‘பூங்கா’ என்று பலகை. புரோக்கர் கையை நீட்டிச் சொன்னாராம்: “சார், இதோ இங்கதான் ரயில்வே ஸ்டேஷன் வருது. அதோ அங்க ஸ்கூல் வருது. பஞ்சாயத்து அப்ரூவல் கையிலேயே இருக்கு.” சித்தப்பா நம்பினார். ஏன் நம்ப மாட்டார்? பிரியாணி சாப்பிட்டிருக்கிறாரே! (சிரிப்பு)

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கல்லைக் காவல் காத்தார். 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது. மனைப்பிரிவுக்கு அனுமதி தர வேண்டியது சி.எம்.டி.ஏ., டி.டி.சி.பி. போன்ற அமைப்புகள், பஞ்சாயத்துத் தலைவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. இது சித்தப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மனையை விற்றுத்தான் கல்யாணம் என்று வைத்திருந்தார். வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017-ல் வந்தன. கல்யாணத் தேதி அதுவரைக்கும் காத்திருக்குமா? லேத்து மெஷினை விற்றார்.

அந்தப் புரோக்கரைத் தேடிப் போனோம். அவர் காலமாகிவிட்டார். மகன் இருந்தார். மரியாதையான பிள்ளை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எங்கப்பா அப்படிச் சொன்னாருன்றதுக்கு இன்னா ஆதாரம்மா இருக்கு?”

என்ன இருக்கிறது? வாய்ச்சொல் இருக்கிறது. சொன்ன வாயும் இல்லை, சொல்லும் இல்லை. கேட்ட காது மட்டும்தான் மிச்சம்.

நடுவர் அவர்களே, நான் கைபேசியின் பக்கம் நிற்பதற்குக் காரணம் அதில் பொய் கிடையாது என்பதற்காக அல்ல. பொய் சொன்னால் அது அழியாமல் நிற்கிறது, அதற்காக. ரீல்ஸில் சொன்னவன் நாளைக்கு ‘நான் சொல்லவே இல்லை’ என்று சொல்ல முடியாது. முகத்தைக் காட்டி, கையை ஆட்டி, பின்னணி இசையோடு சொல்லியிருக்கிறான்! (கைதட்டல்)

சரி, தொழில் வளர்கிறதா என்பதுதானே தலைப்பு? அதற்கு வருகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றவர். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் பத்து வீடு பார்த்துவிடுகிறார். வாங்குவதற்கு இல்லீங்க, பார்ப்பதற்கு. “ஏங்க, இருக்கிற வீட்டுக்கு ஒட்டடை அடிங்களேன்” என்றால், “இரு, இந்த வீட்டு மாடிப்படி எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வரேன்” என்கிறார். அடுத்தவன் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கியே மனிதருக்கு மூட்டு வலி வந்துவிட்டது! (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். ஆனால் வியாபாரி என்ன நினைக்கிறான்? வாசலுக்கு வராமலே ஒரு மனிதர் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று நினைக்கிறான். இவர் வாங்க மாட்டார். துபாயில் வேலை பார்க்கிற மைத்துனருக்கு அனுப்புவார். மைத்துனர் வாங்குவார்.

முன்னாடி ஒரு வீட்டை விற்க விளம்பரம் கொடுக்க வேண்டும் என்றால் பேப்பர் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பெரிய கம்பெனிக்காரன் முழுப் பக்கம் கொடுப்பான். காலடிப்பேட்டையில் ஒரு கிரவுண்டு நிலத்தில் ஆறு வீடு கட்டுகிறவன் என்ன செய்வான்? சுவரில் நோட்டீசு ஒட்டுவான். மழை வந்தால் போச்சு, மாடு வந்தாலும் போச்சு. இன்றைக்கு அந்தச் சின்ன மேஸ்திரி கையில் ஒரு போன் இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு காட்சி, கம்பி கட்டும்போது ஒரு காட்சி, காங்கிரீட் போடும்போது ஒரு காட்சி. ஆறே மாதத்தில் அவன் கட்டுகிற முறை நூறு குடும்பத்துக்குத் தெரிந்துவிடுகிறது. பூச்சு பூசிய பிறகு கம்பியின் கனம் யாருக்குத் தெரியும்? வீடியோவில் தெரிகிறது. எந்தப் புரோக்கர் இதைக் காட்டினார்?

காலடிப்பேட்டை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தப் பேர் காலடியால் வந்ததல்ல. 1717 முதல் 1720 வரை இங்கே கவர்னராக இருந்த ஜோசப் கோலட் என்ற வெள்ளைக்காரர் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம். கோலட் பேட்டை. நம்ம ஜனங்கள் வாயில் போட்டு மென்று காலடிப்பேட்டை ஆக்கிவிட்டார்கள். வாய்ச்சொல்லை நம்பினால் ஊர்ப் பேரே மாறிப்போகும் என்பதற்கு எதிரணிக்கு வேறு சான்று வேண்டுமா? (சிரிப்பு, கைதட்டல்)

வடசென்னை மேல் தென்சென்னைக்காரர்களுக்கு ஓர் எண்ணம் உண்டு. வடசென்னை என்றால் புகை, லாரி, கப்பல், சண்டை. சினிமா எடுக்கிறவர்களும் அதற்குத் தூபம் போட்டார்கள். 1856-லேயே தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் நம்ம ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 பிப்ரவரி 14-ஆம் தேதி வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது. ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். அதுவரைக்கும் திருவொற்றியூர் என்றால் ‘அவ்வளவு தூரமா’ என்று கேட்டவர்கள், ‘தேரடி ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு தூரம்’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த மாற்றத்தை யார் ஊருக்குச் சொன்னது? டீக்கடை பெஞ்சா? இந்த மண்ணில் பிறந்த பையன்கள் மெட்ரோவில் போய்க்கொண்டே படம் பிடித்துப் போட்டார்கள். வடிவுடையம்மன் கோயில், காசிமேட்டு மீன் ஏலம், கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி. பார்த்தவன் ‘அடடே, இங்கே மனுஷன் வாழ்கிறானா’ என்று வந்தான்.

இப்போது எதிரணி வழக்கறிஞர் அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். “கைபேசியில் வருவதெல்லாம் உண்மையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரீல்ஸ் பாஷைக்குத் தனியாக ஓர் அகராதி போட வேண்டியிருக்கிறது, நடுவர் அவர்களே. தமிழ்ப் பேராசிரியை என்பதால் அந்தத் தொண்டையும் நானே செய்துவிடுகிறேன்.

‘மெட்ரோவிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்றால், நடு ராத்திரியில், சிக்னல் இல்லாமல், ஆம்புலன்சில் போனால் ஐந்து நிமிடம். ‘கடல் பார்த்த வீடு’ என்றால் நாம் கடலைப் பார்க்கலாம். எர்ணாவூர்க் கரையில் கல் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்களே, அதையும் மீறினால் கடலும் நம்மைப் பார்க்க வரும். (சிரிப்பு) ‘சில வீடுகளே மீதம்’ என்றால் இன்னும் ஒன்றும் விற்கவில்லை. ‘விரைவில் விலை ஏறும்’ என்றால் போன வருஷமும் இதையே சொன்னான். ட்ரோன் விட்டு மேலேயிருந்து எடுக்கிறானே, அது பருந்துப் பார்வை. பருந்துக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியாமல் இருக்குமா? தெரியும். எடிட்டிங் செய்கிறவனுக்குத்தான் தெரியாது.

காசிமேட்டில் மீன் வாங்கும்போது நம்ம பெண்கள் என்ன செய்கிறார்கள்? செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். அமுக்கிப் பார்க்கிறார்கள். “இன்னாமா, நேத்து மீனா?” என்று நாலு பேர் கேட்கச் சத்தமாகக் கேட்கிறார்கள். முந்நூறு ரூபாய் மீனுக்கு இத்தனை விசாரணை. அறுபது லட்சம் ரூபாய் வீட்டுக்கு மட்டும் இதயம் படம் போட்டு அனுப்பலாமா? செவுளைத் தூக்குங்கள். அந்தச் செவுளும் அதே கைபேசிக்குள்தான் இருக்கிறது.

எங்கே இருக்கிறது? ‘ரெரா’ என்று ஒரு சட்டம் 2016-ல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2017 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதற்கென்று கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம் இருக்கிறது. ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் எட்டு வீட்டுக்கு மேல் கட்டினால், அந்தக் குழுமத்தில் பதிவு செய்யாமல் விற்கவும் கூடாது, விளம்பரமும் செய்யக் கூடாது. விளம்பரம் என்றால் பேப்பர் மட்டும் இல்லை. எந்த ஊடகத்தில் எந்த வடிவத்தில் வந்தாலும் விளம்பரம்தான் என்று சட்டமே விளக்கம் கொடுக்கிறது. உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கத்துக்குக் கீழே வருகிறதே, அதுவும் விளம்பரம்தான். அதில் பதிவு எண் இருக்க வேண்டும், குழுமத்தின் இணைய முகவரி இருக்க வேண்டும். பதிவே செய்யாமல் விற்றால் திட்ட மதிப்பில் பத்து சதவீதம் வரைக்கும் அபராதம். விற்றுக் கொடுக்கிற புரோக்கரும் பதிவு செய்திருக்க வேண்டும்.

இதில் பன்னிரண்டாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தாய்மார்கள் இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போங்கள். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டால், கட்டுகிறவன் ஈடு செய்ய வேண்டும். வீடே வேண்டாம் என்று நீங்கள் விலகினால், போட்ட பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். மாதிரி வீடு காட்டுகிறானே, கட்டில் மெத்தையெல்லாம் போட்டு? அதுவும் இதில் அடக்கம். அப்புறம், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. அது பதின்மூன்றாம் பிரிவு. ‘நாளைக்குள் முப்பது சதவீதம் கட்டினால் தங்கக் காசு’ என்று எவனாவது சொன்னால், காசை வாங்காதீர்கள். அவன் சொன்னதை ரெக்கார்டு பண்ணிக்கொள்ளுங்கள்! (கைதட்டல்)

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிரவுண்டு என்பது ஏறக்குறைய இருநூற்று இருபத்து மூன்று சதுர மீட்டர்தான். நம்ம பக்கம் தெருவுக்குத் தெரு கட்டுகிற ஆறு வீடு, எட்டு வீடு எல்லாம் ரெரா பதிவுக்குள் வராது. அப்போது யார் துணை? 2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஏமாற்று விளம்பரம் கொடுத்தவனுக்குப் பத்து லட்சம் வரை அபராதம், மறுபடியும் செய்தால் ஐம்பது லட்சம் வரை. பணம் வாங்கிக்கொண்டு ‘நானே இங்கேதான் வீடு வாங்கப் போறேன் மக்களே’ என்று ஆடிக் காட்டுகிறார்களே, தீர விசாரிக்காமல் அப்படி ஆடினால் அவர்கள் தலையிலும் அது விழும். ஆடின காலுக்கும் அபராதம் உண்டு!

இதெல்லாம் எதை வைத்து நிரூபிப்பது? அந்த வீடியோவை வைத்துத்தான். உரிய சான்றோடு கொடுத்தால் மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2000-லேயே சட்டம் வழி செய்துவிட்டது. அதனால் வீடு பிடித்திருந்தால் முதலில் அந்த வீடியோவைச் சேமித்து வையுங்கள். விற்று முடிந்ததும் அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: ‘வீடியோவில் சொன்ன கார் நிறுத்துமிடம் எங்கள் வீட்டுக்கும் உண்டுதானே?’ பதில் எழுத்தில் வரட்டும். போன் பண்ணிச் சொல்கிறேன் என்றால், “எனக்குக் காது மந்தம் சார், எழுதிடுங்க” என்று சொல்லிவிடுங்கள். (சிரிப்பு) வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். பட்டாவையும் பார்க்கலாம். மூலப்பத்திரத்தை மட்டும் வக்கீலிடம் காட்டுங்கள். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். எதிரணி அம்மாவுக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே.

சத்தியத்தை எங்கே வாங்குவது, யார் முன்னால் வாங்குவது என்று இந்த ஊரில்தான் ஒரு பெண் முதன்முதலில் யோசித்தாள். சங்கிலி நாச்சியார். பெரிய புராணம் சொல்கிற கதை. இங்கே பக்கத்தில் ஞாயிறு என்ற ஊரில் பிறந்து, ஒற்றியூர்க் கோயிலில் பூத்தொடுத்துக் கொண்டிருந்த பெண். சுந்தரர் பார்க்கிறார், மனம் பறிகொடுக்கிறார். அவருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் இருக்கிறார். சங்கிலியார் அதைக் கேட்கிறார். ‘உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தருவான்’ என்கிறார் சிவபெருமான். சுந்தரர் சாமிக்குத் தோழர் இல்லையா? தனியாகப் போய் ஓர் ஏற்பாடு செய்கிறார்: ‘நான் சன்னிதியில் சத்தியம் செய்ய வரும்போது நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே மகிழ மரத்தடியில் போய் இருங்கள்.’ சாட்சியை இடம் மாற்றுகிறார்! இன்றைய பில்டர்களுக்கெல்லாம் அவர் முன்னோடி. (பலத்த சிரிப்பு)

சாமி என்ன செய்தார்? ‘சரி’ என்றார். அப்படியே சங்கிலியார் கனவில் போய், ‘சன்னிதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்’ என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் தோழிகள் அதையே கேட்டார்கள். சுந்தரர் திகைத்தார். வேறு வழியில்லாமல் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு வசந்த காலம் வந்தது, திருவாரூர் ஞாபகம் வந்தது, சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. மாசி மாதத்தில் இந்தக் கோயிலில் மகிழடி சேவை நடக்கிறதே, அது இதற்காகத்தான்.

சன்னிதி அலங்காரமாக இருக்கும். விளக்கு இருக்கும், பூ இருக்கும். ஆனால் சாட்சி அங்கே இல்லை, மரத்தடியில் இருக்கிறது. பளபளப்பான ஷோரூம்தான் அந்தச் சன்னிதி. ஏ.சி. போட்டு, காபி கொடுத்து, வாயால் சொல்லுவார்கள். நீங்கள், “இதையே கொஞ்சம் வீடியோவில் சொல்லுங்க சார், ஒப்பந்தத்தில் எழுதுங்க சார்” என்று சொல்லிப் பாருங்கள். சுந்தரர் திகைத்த மாதிரி திகைப்பார். திகைக்காதவர் கட்டின வீட்டை வாங்கலாம்.

தொழில் செய்கிறவன் பக்கமும் பேச வேண்டும், நடுவர் அவர்களே. நேரம் இருக்கிறதா? மணியடிக்கிறவர் கையை மணி மேல் வைத்துவிட்டார், எடுக்கச் சொல்லுங்கள்.

என்னிடம் தமிழ் படித்த பையன் ஒருவன். கத்திவாக்கத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவன் இன்றைக்கு இந்தப் பகுதியில் வீடு விற்றுக் கொடுக்கிறான். யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றிலும் இருக்கிறான். அவன் வீடியோவில் முதல் வரி பதிவு எண். இரண்டாவது வரி அந்த வீட்டின் குறை. ஆமாங்க, குறை! “நிலத்தடித் தண்ணி உப்பு, குடிக்க ஆகாது, மெட்ரோ வாட்டர் இந்த நேரத்துக்கு வரும்.” சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும்போது போய் நின்றுகொண்டு, “நீங்க ஆபீஸ் விட்டு வர்ற நேரம் இதுதான், பார்த்துக்குங்க” என்று காட்டுவான். மிக்ஜாம் புயலில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவான்.

2023 டிசம்பர் மாதத்தை இந்தப் பகுதிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். மாதத் தொடக்கத்தில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர் படகும் வலையும் கறுத்தன. 26-ஆம் தேதி நள்ளிரவு நெருங்குகிற நேரத்தில் பெரியகுப்பம் கடலோரம், உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியில். இந்தக் கூட்டத்திலேயே அன்றைக்கு ஓடியவர்கள் இருக்கலாம்.

அடுத்த வாரம் அவனுக்கு வீடு கொடுத்திருந்த ஒரு பில்டர் கூப்பிட்டார். “தம்பி, ரெண்டு மாசம் எண்ணூர்ப் பக்கம் வீடியோ எதுவும் போடாதே. ஜனங்க மறக்கட்டும்.” இவன் என்ன செய்தான்? விற்க வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அந்தத் தொழிற்சாலை எத்தனை கிலோமீட்டர் என்று வண்டியில் அளந்து, படம் பிடித்துப் போட்டான். “காற்று கடல் பக்கமிருந்து வரும்போது வாடை இருக்கா இல்லையான்னு, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி இங்க வந்து தங்கிப் பாருங்க, சாவி நான் தரேன்” என்றான். பில்டர் அத்தனை வீட்டையும் அவனிடமிருந்து பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். நாலு மாதம் ஒரு கிரயம்கூட நடக்கவில்லை. அவன் அம்மா என்னிடமே வந்து அழுதது: “நீங்க சொல்லுங்க டீச்சர். உண்மையைச் சொல்லி வித்தா ஊட்ல உலை எப்படிக் கொதிக்கும்?”

நான் என்ன பதில் சொல்ல முடியும்? பாடம் நடத்துவது சுலபம், மாதத் தவணை கட்டுவது கஷ்டம்.

ஐந்தாவது மாதம் ஒரு போன் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். “தம்பி, நீதானே அந்தக் குழாயிலேருந்து தூரம் அளந்தவன்? எனக்கு நீ சொல்ற வீடுதான் வேணும்” என்றார். ராத்திரி குடும்பத்தோடு வந்து தங்கிப் பார்த்தார். தங்கின வீட்டை வாங்கவில்லை, வாடை வந்தது. இவனே வேண்டாம் என்றான். இரண்டு ஸ்டேஷன் தள்ளி, தேரடிப் பக்கம் வேறொரு வீட்டை வாங்கிக் கொடுத்தான். அந்தக் கிரேன்காரர் தன்னோடு வேலை செய்கிறவர்கள் குரூப்பில் இவன் வீடியோவைப் போட்டார். அங்கேயிருந்து மூன்று குடும்பம் வந்தது. அதுவும் வாய்ச்சொல்தானே என்று எதிரணித் தலைவர் எழுந்திருக்கப் பார்க்கிறார். உட்காருங்கள் ஐயா! அந்த வாய்ச்சொல்லுக்குக் கால் கொடுத்தது எது? அழியாமல் இருந்த அந்த வீடியோ. ஐந்து மாதம் கழித்துத் தேடினாலும் கிடைத்ததே! (கைதட்டல்)

அந்த பில்டர் இன்றைக்கு வரைக்கும் இவனுக்கு வீடு கொடுப்பதில்லை. இவனும் கேட்பதில்லை. போன மாதம் திருவொற்றியூர் ரயிலடிப் பக்கம் சின்னதாக ஆபீஸ் திறந்தான். குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிட்டான். சுவரில் சாமி படம் இருந்தது, பதிவுச் சான்றிதழ் இருந்தது. மேசை மேல் ஒரு பழைய போன், திரை விரிசல் விட்டது. “புதுசு வாங்கலையாடா?” என்றேன். “இதுல ஆறு வருஷ வீடியோ இருக்கு மேடம், இதைத் தூக்கிப் போட முடியாது” என்றான்.

மணியடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, நீங்கள் தீர்ப்பு எப்படிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். டெலிவிஷன் காமிரா ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். (சிரிப்பு)